சைட் இருக்கு, ஆட்கள் இல்லை: இணையத்தள எழுத்தை அறிகுறி பார்த்துத் திருத்துவது

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இருக்கிற சின்ன விடுதிகள், கடைகள், வகுப்பு நடத்துபவர்கள், கோயில் நிர்வாகங்கள் என்று பலருடைய இணையத்தளங்களுக்கு எழுதிக் கொடுப்பதும், ஏற்கெனவே எழுதிக் கிடப்பதைச் சீர்செய்வதும் என் வேலை. என்னைக் கூப்பிடுகிற யாரும் "உள்ளடக்கத்தில் கோளாறு" என்று சொன்னதில்லை. "சைட் இருக்கு தம்பி, ஆனா ஒருத்தரும் வாறாங்க இல்ல" என்பார்கள். "போன்ல ஒரே கேள்வியத்தான் கேக்காங்க" என்பார்கள். அதனால் இந்தக் குறிப்பையும் அவர்கள் சொல்கிற விதத்திலேயே, அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தளத்தில் இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து இருந்தால் மேலே இருப்பதை முதலில் பாருங்கள். எழுத்தே உடைந்து கிடக்கும்போது நடையைத் திருத்திப் பயனில்லை.

## தமிழுக்குப் பதிலாக ஏதேதோ தெரிகிறது

எங்கள் பகுதியில் நான் அதிகம் பார்க்கிற கோளாறு இதுதான். பெரும்பாலும் காரணம் பாமினி எழுத்துரு. இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் பல வருடங்களாகப் பாமினியில்தான் தட்டச்சு செய்தன. இன்றும் பலர் செய்கிறார்கள். பாமினியில் கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்து அல்ல, ஆங்கில எழுத்து. சின்ன 'கே'யை 'ம' போலவும் அரைப்புள்ளியை மெய்யெழுத்தின் புள்ளி போலவும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இருக்கிற கணினியில் அழகான தமிழ் தெரியும். இல்லாத கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல் தெரியும். தேடுபொறிக்கும் அந்தக் குவியல்தான் தெரியும். 'மட்டக்களப்பு' என்று யார் தேடினாலும் அந்தப் பக்கம் அகப்படாது.

பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, உங்களுக்கே ஒரு வட்ஸ்அப் செய்தியாக ஒட்டிப் பாருங்கள். அங்கே நல்ல தமிழாக விழுந்தால் அது யூனிகோட், அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை; பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது தளத்தின் எழுத்துருக் குறை, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆங்கிலக் குவியலாக விழுந்தால் பாமினி. வெறும் கேள்விக்குறிகளாக விழுந்தால்தான் நிலைமை மோசம்: தமிழ் யூனிகோடை ஏற்காத தரவுத்தளம், சேமிக்கும்போதே எழுத்துகளைத் தொலைத்துவிட்டது. எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. தளத்தைக் கவனிப்பவரிடம் தரவுத்தளத்தை யூடிஎஃப்-8 முறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, உங்களிடம் இருக்கிற மூலப் பிரதியிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். மூலப் பிரதியை எப்போதும் தளத்துக்கு வெளியே ஒரு கோப்பாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கோப்பின் நடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் அந்தக் கருவி பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். ஒரு விடுதியின் மின்னஞ்சல் முகவரி இப்படிப் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகி, முன்பதிவுப் பக்கத்தில் மாதக்கணக்காகக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலப் பெயர்களையும் முகவரிகளையும் முதலில் தனியே எடுத்து வையுங்கள். பந்தி பந்தியாக மாற்றுங்கள். கடைசியில் அவற்றைக் கையால் சேருங்கள்.

எழுத்தைப் போஸ்டர் படமாகவே தளத்தில் போடுவதும் இதே நோய்தான். வகுப்பு நேரம், திருவிழா நிகழ்ச்சிநிரல், விலைப்பட்டியல் எல்லாம் ஒரே படம். முகநூலில் அது எடுபடலாம். தளத்தில் அதைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, சின்னத் திரையில் படிக்கவும் முடியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். படத்துக்குள் இருக்கிற எழுத்தை மட்டும் அது வழமையாக வாசிக்காது. போஸ்டரைப் போட ஆசையென்றால் போடுங்கள், அதில் உள்ள அத்தனையையும் கீழே எழுத்தாகவும் எழுதுங்கள்.

## எழுத்து சரி, ஆனால் தேடினால் வரவில்லை

முதலில் தளம் கூகுளில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கமும் வரவில்லையென்றால் சொற்களைக் குறை சொல்ல வேண்டாம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமானால் அமைப்புகளில் 'வாசிப்பு' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் சின்னப் பெட்டி ஒன்று அங்கே இருக்கும். தளத்தைக் கட்டும் காலத்தில் அதில் சரி போடுவார்கள்; திறந்து வைத்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். அதை எடுத்துவிட்டு, கூகுள் சேர்ச் கொன்சோலில் தளத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டார்கள் என்று அதில் தெரியும்.

பக்கங்கள் வருகின்றன, ஆனால் குறிப்பிட்ட சொல்லுக்கு மட்டும் வரவில்லையா? எழுத்துகளை உற்றுப் பாருங்கள். 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவையார்' என்று அடித்திருப்பார்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருக்கும். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு, அதாவது '௭', உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு எழுத்து. பழைய கோப்புகளிலிருந்தும் படத்தை எழுத்தாக்கும் கருவிகளிலிருந்தும் வருகிற பிரதிகளில் இது நிறைய. சந்தேகமான சொல்லை நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்து, பக்கத்துக்குள் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பது வேறு எழுத்து.

எழுத்தும் சரியென்றால் மிஞ்சுவது சொல். இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். மருதமுனைக் கைத்தறியை விற்கிற ஒருவர் 'சாரம்' என்று எழுதுகிறார். நமக்கு அதுதான் சொல். தமிழ்நாட்டில் இருந்து தேடுகிறவர் 'லுங்கி' அல்லது 'கைலி' என்று தேடுவார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற ஊர்களைப் 'படுவான்கரை' என்றால் மட்டக்களப்பாருக்கு உடனே விளங்கும். கொழும்பிலோ கனடாவிலோ வளர்ந்த பிள்ளைக்கு விளங்காது. நம் சொல்லை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நம் சொல்லை முதலில் வைத்து, மற்றதை அதே வாக்கியத்தில் இயல்பாகச் சேர்த்துவிடுங்கள்: "மருதமுனையில் நெய்த பருத்திச் சாரம், இந்தியாவில் லுங்கி, கைலி என்பார்கள்." ஒரு தடவை போதும். ஒரே சொல்லைப் பந்திக்குப் பத்துத் தடவை திணித்தால் வாசிப்பவர் முகம் சுளிப்பார், தேடுபொறியும் அதை மதிக்காது.

தலைப்பையும் பாருங்கள். கூகுள் தலைப்பை எழுத்தின் எண்ணிக்கையால் அல்ல, அகலத்தால் வெட்டுகிறது. தமிழ் எழுத்து அகலமானது. "முகப்பு", "வரவேற்கிறோம்", நிறுவனத்தின் நீண்ட பெயர் இவையெல்லாம் முன்னால் நின்றால், தேடுபவர் காண வேண்டிய சொல் வெட்டுப்பட்டுப் போகும். பொருளை முன்னே வையுங்கள், பெயரைப் பின்னே வையுங்கள்.

## வருகிறார்கள், உடனே போய்விடுகிறார்கள்

முதல் பந்தியைப் படித்துப் பாருங்கள். பத்தில் எட்டு இடத்தில் அது வரவேற்புரையாக இருக்கும்.

இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் 79 சதவீதத்தினர் புதிய பக்கத்தைக் கண்ணால் மேய்ந்துகொண்டே போனார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். அதே விஷயத்தை ஏறக்குறைய பாதிச் சொற்களில் எழுதிக் கொடுத்தபோது பயன்பாட்டு எளிமை 58 சதவீதம் கூடியது. சொற்களைக் குறைக்காமல், மிகைப்பேச்சை மட்டும் எடுத்துவிட்டு வெறும் தகவலாக எழுதியபோதும் 27 சதவீதம் கூடியது. கைத்தொலைபேசித் திரை வருவதற்கு முந்திய கணக்கு இது. இன்றைக்கு ஓட்டோவில் போய்க்கொண்டே பார்ப்பவருக்கு நாம் இன்னும் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எப்படி மாற்றுவது? ஒரு விடுதிப் பக்கம் இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: "இயற்கை எழில் கொஞ்சும் கிழக்கிலங்கையின் பொன்மணற் கரையில் அமைந்துள்ள எமது விடுதி தங்களை அன்புடன் வரவேற்கிறது." இதைப் படித்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படித் தொடங்கட்டும்: "பாசிக்குடாக் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. ஆறு அறைகள், இரண்டில் குளிரூட்டி. கொழும்பிலிருந்து ரயிலில் வந்தால் வாழைச்சேனையில் இறங்குங்கள், ஓட்டோ அனுப்புகிறோம்." அன்பு இரண்டாவதில்தான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். வருபவர் எங்கே இறங்குவார், எப்படி வந்து சேருவார் என்று யோசித்த வீடு அது.

## எல்லாம் எழுதியிருக்கிறது, ஆனாலும் போனில் அதையே கேட்கிறார்கள்

"எல்லாம் எழுதித்தானே இருக்கு தம்பி, பிறகு என்னத்துக்குப் போன்ல கேக்காங்க?" என்று ஒரு அக்கா என்னிடம் உண்மையான மனவருத்தத்துடன் கேட்டார். இந்த அறிகுறியை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் நோயும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்கும். போனை எடுக்கிறவரிடம் ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட குறிப்பேடு) கொடுங்கள். இரண்டு கிழமைக்கு, கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். 'கட்டணம் பற்றிய விசாரணை' என்று எழுதக் கூடாது, "ரெண்டு பெரியாக்கள், ஒரு சின்னப்பிள்ளை, எவ்வளவு வரும்?" என்று எழுத வேண்டும்.

கொப்பி நிறைந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை தளத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மூன்று விதமாகத்தான் வரும்.

விடை இருக்கும், ஆனால் யாரும் தேடாத இடத்தில் இருக்கும். குழந்தைக் கட்டணம் 'விதிமுறைகள்' பக்கத்தின் அடியில் கிடக்கும். அதைத் தூக்கி அறைக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. கேள்வியையே துணைத்தலைப்பாக வைத்துவிடலாம். கேட்டவரின் சொற்கள்தான் நல்ல துணைத்தலைப்பு.

இரண்டாவது, விடை மாதிரி ஒன்று இருக்கும், விடை இருக்காது. 'நியாயமான விலை', 'நகருக்கு மிக அருகில்', 'விரைவான விநியோகம்' இப்படி. கிலோமீட்டர், ரூபாய், நாள் என்று எழுதுங்கள். மருதமுனைக்கோ கல்முனைக்கோ வரச் சொல்கிற பக்கம் 'ரயிலிலும் வரலாம்' என்று மட்டும் சொல்லி விடக் கூடாது. ரயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. அங்கிருந்து தெற்கே பஸ்தான். இதை ஒரு வரியில் சொன்னால், பெட்டி படுக்கையோடு நிலையத்தில் நின்று உங்களுக்குப் போன் எடுக்கும் ஒருவரின் அலைச்சல் மிச்சம்.

மூன்றாவதுதான் கடினமானது. விடையை எழுதாமலே விட்டிருப்பார்கள், எழுதினால் ஆள் வராது என்ற பயத்தில். பாசிக்குடாக் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கோ லீவு கிடைப்பது டிசம்பரில். அவர்கள் "அந்த நேரம் குளிக்கலாமா?" என்று கேட்டால், போனில் நேர்மையாகச் சொல்கிற அதே முதலாளி, தளத்தில் 'வருடம் முழுவதும் இனிய அனுபவம்' என்று எழுதச் சொல்கிறார். நான் எழுதுவதில்லை. "டிசம்பரில் மழை இருக்கும், கடலில் இறங்க முடியாத நாட்களும் வரும், அந்த மாதங்களில் கட்டணத்தைக் குறைத்திருக்கிறோம், மழை விட்ட நேரம் வாவிக்கரைக்கும் சந்தைக்கும் கூட்டிப் போவோம்" என்று எழுதினால் வருகிறவர் தெரிந்து வருவார். தெரிந்து வந்தவர் சண்டை பிடிப்பதில்லை. ஏமாந்து வந்தவரோ ஊர் முழுக்கச் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் முதலாளிமாரோடு நான் எத்தனை தரம் வேண்டுமானாலும் கதைக்கத் தயார்.

கொப்பியை இரண்டு கிழமையோடு மூடிவிடாதீர்கள். பக்கத்தைத் திருத்திய பிறகும் ஒரு மாதம் எழுதுங்கள். எந்தக் கேள்வி நின்றது, எது நிற்கவில்லை என்று அதுதான் காட்டும்.

## ஒரு பக்கத்தில் ஒரு விலை, இன்னொரு பக்கத்தில் வேறு விலை

விலை முகப்பில் ஒரு தடவை, அறைப் பக்கத்தில் ஒரு தடவை, கேள்வி பதிலில் ஒரு தடவை எழுதப்பட்டிருக்கும். மாற்றும்போது இரண்டைத்தான் நினைவிருக்கும். மாறக்கூடிய எந்தத் தகவலையும் ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மற்ற இடங்களில் அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள்.

அடுத்து, எது எப்போது பழசாகும் என்று ஒரு பட்டியல். பக்கத்தின் பெயர், அதில் மாறக்கூடியது என்ன, உண்மை தெரிந்த ஆள் யார், கடைசியாகச் சரிபார்த்த திகதி. நான்கு நிரல், அதே சி.ஆர். கொப்பியின் பின்பக்கம் போதும். 'யார்' என்ற நிரலில் 'நிர்வாகம்' என்று எழுத வேண்டாம், ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வழி சொல்லும் பக்கம் வருடத்துக்கு ஒருமுறை. வழி மாறாது என்று நினைப்போம். கல்லடியில் புதிய பாலம் 2013இல் திறந்தார்கள். அதற்குப் பல வருடம் கழித்தும் பழைய இரும்புப் பாலத்தில் ஒருபக்கமாகக் காத்து நின்று வரச் சொல்லும் வழிக்குறிப்பு ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். ரயில் நேர அட்டவணையை உங்கள் பக்கத்தில் நகலெடுத்து வைக்கவே வேண்டாம். எந்த நிலையம் என்று சொல்லிவிட்டு, நேரத்தை ரயில்வேயிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் வருகிற விஷயத்துக்கு ஆண்டுதோறும் புதுப் பக்கம் திறக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தத் திருவிழா, மாமாங்கத் தீர்த்தம், ஆடி அமாவாசையில் வருவது எல்லோருக்கும் தெரியும், திகதி மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும். நான்கு வருடத்துக்கு நான்கு பக்கம் இருந்தால், தேடுபவருக்கு மூன்று வருடத்துக்கு முந்தியதுதான் முதலில் வந்து நிற்கும். முகவரியில் வருடம் சேர்க்காத ஒரே பக்கத்தை வைத்து, அதையே ஒவ்வொரு ஆனி மாதமும் புதுப்பியுங்கள். உள்ளே ஒன்றையும் மாற்றாமல் 'புதுப்பிக்கப்பட்டது' என்ற திகதியை மட்டும் மாற்றுவது வாசகரிடம் பொய் சொல்வது. அதைச் செய்யாதீர்கள்.

## எங்கேயோ படித்தது போல இருக்கிறது

மட்டக்களப்புக் கோட்டை, கல்லடிப் பாலம், இரவில் வாவிக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கும் என்கிற பாடும் மீன். இந்த மூன்றையும் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே சொற்களில் எத்தனை தளங்களில் படித்திருப்பீர்கள்! நகலெடுக்கும்போது பிழையும் கூடவே வரும். 'டச்சுக்காரர் கட்டிய கோட்டை' என்று பல இடத்தில் இருக்கிறது. 1628இல் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். டச்சுக்காரர் 1638இல் கைப்பற்றினார்கள்.

இயந்திரத்தைக் கொண்டு நூறு பக்கம் எழுதி நிரப்புவது இப்போது சுலபம். தேடல் வரிசையில் ஏறுவதற்காக மட்டும் மொத்தம் மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் முறைகேடாகச் சேர்த்துவிட்டது. கையால் எழுதினாலும் சரி, இயந்திரத்தால் எழுதினாலும் சரி.

மருந்து: உங்கள் ஊரில் உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள். பாடும் மீனின் கதையை எல்லோரும் எழுதட்டும். பௌர்ணமி இரவில் தோணி விடுகிற ஆள், துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கச் சொல்வார். அவரிடம் போய் எத்தனை மணிக்குப் புறப்படுவார், காற்று இருந்தால் கேட்குமா என்று விசாரித்து எழுதுங்கள். அந்தப் பந்தி வேறெந்தத் தளத்திலும் இருக்காது.

## தமிழ்தான், ஆனால் தமிழாக ஓடவில்லை

இது ஆங்கிலப் பக்கத்தை வரிக்கு வரி தமிழாக்கியதன் விளைவு. 'முன்பதிவுகள் எம்மால் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன' என்பது 'முன்பதிவு செய்யலாம்' ஆகட்டும். ஒரு பந்தியில் 'தாங்கள்', அடுத்ததில் 'நீங்கள்' என்று இருந்தால் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். எனக்கு 'நீங்கள்' போதும். 'இங்கே சொடுக்கவும்' என்ற இணைப்புகளை எல்லாம் 'அறைக் கட்டணம்', 'வரும் வழி' என்று மாற்றுங்கள். அப்புறம் பக்கத்தை உரத்து வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

## வட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பு திறக்கவில்லை

முகவரியில் தமிழ் இருக்கிறதா பாருங்கள். நகலெடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (புள்ளி, உகரக் குறி எல்லாம் தனித்தனிக் குறியீடு) சதவீதக் குறி சேர்ந்த ஒன்பது எழுத்தாக விரியக்கூடும். 'மட்டக்களப்பு' என்ற ஒரே சொல் 108 எழுத்து ஆகிவிடும். நடுவில் உடைந்தால் திறக்காது. முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்குங்கள், பக்கத்தின் தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

தமிழ் இல்லாமலும் திறக்காமல் 404 என்று வந்தால், யாரோ பக்கத்தை அழித்திருக்கிறார்கள் அல்லது பெயர் மாற்றியிருக்கிறார்கள். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் 301 வழிமாற்றத்தைப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட வேண்டாம். சாரத்தின் விலையைத் தேடி வந்தவர் சாரத்தின் பக்கத்தில் இறங்க வேண்டும். மாற்றிய முகவரிகளை, பழையது ஒரு பக்கம் புதியது ஒரு பக்கமாக, அதே கொப்பியில் எழுதி வையுங்கள். தளத்தைக் கவனிக்கும் ஆள் மாறினால் கையில் கொடுப்பதற்கு அது இருக்கும்.